கண்டற்காடும் களப்புச் சேறும்

வரலாற்றுக்குச் சான்று எவை என வினவின், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, பிறநாட்டார் குறிப்பு என மாணவர் முறைப்பட உரைப்பர். இவையெல்லாம் மனிதன் பிறர் காணவேண்டும் எனக் கருதி ஆக்கியவை. அவன் கருதாமலே எழுதிவைத்த சான்றொன்றும் உண்டு. அஃது ஏரி, களப்பு முதலிய நீர்நிலைகளின் அடியில் ஆண்டுதோறும் படையின்மேற் படையாகப் படியும் சேறு. மன்னன் தன் வெற்றியைக் கல்லிற் பொறித்தான். தன் குடிகள் ஆற்றிற் கழித்த கழிவைப் பொறித்தானல்லன். சேறோ வேறுபாடின்றி இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றது.

நம் மட்டக்களப்பு வாவியின் கரையில் அத்தகைய சேற்றைத் தன் வேர்களாற் பற்றிக் காத்து நிற்பது கண்டற்காடு. செம்பு, நாகம், ஈயம், கட்மியம், இரசம் என்னும் பார உலோகங்கள் சேற்றிற் சேரும்போது அம்மரங்கள் அவற்றை எங்ஙனம் தாங்கி வாழ்கின்றன என்பது அறியத்தக்கது. அதனை அறிந்தார்க்கு, அக்காட்டை வெட்டுவதால் விளையும் கேடு யாதென்பதும் தானே விளங்கும். இவ்விரண்டையும் வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

வாவியும் கண்டலும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்வெளியாய் விரிந்தது படுவான்கரை. எழுவான்கரையிலே, குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே அமைந்த ஊர்களுள் ஒன்று செட்டிபாளையம். அதன் கிழக்கெல்லை வங்கக்கடல், மேற்கெல்லை வாவி. படுவான்கரை வயல்களின் வடிநீரும், உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் பாய்ச்சல் நிலங்களிலிருந்து வழியும் நீரும் இவ்வாவியையே அடைகின்றன. வாவி கடலொடு கலக்கும் வாய்களோ இரண்டே: வடக்கே முகத்துவாரம், தெற்கே கல்லாற்றை அடுத்தது. கோடையில் மணற்றிட்டு இவற்றை அடைத்துவிடும். மாரிவெள்ளம் வந்து திறக்கும். ஆதலால், வாவிக்குள் வந்து சேரும் பொருள் எளிதிற் கடலுக்குப் போய்விடுவதில்லை.

கண்டல் நமக்குப் புதிதன்று. சங்கத்தார் நெய்தற்றிணைப் பாடல்களிலே கானலையும் கழியையும் பாடுமிடத்துக் கண்டலையும் பாடினர். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்ததும் சதுப்பு நிலத்து மரமொன்றே. கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும் பாலையுடைய அத்தில்லைமரம் பிச்சாவரத்துக் கழிகளில் இன்றும் வளர்கின்றது. நம் வாவிக்கரையிலும் உண்டு. வாழைச்சேனைப் பகுதியிலுள்ள கிண்ணையடி என்னும் ஊர்ப்பெயர், கிண்ணை என்னும் மற்றொரு கண்டலினத்தை நமக்கு நினைவூட்டுகின்றது. முட்டுக்கால் போன்ற வேர்களை ஊன்றி நிற்பது கண்டல். சேற்றுக்கு மேலே ஆயிரக்கணக்கான மூச்சுவேர்களைக் கூரிய கோல்கள்போல் நீட்டி நிற்பது கண்ணா.

மேனாட்டாரும் இவற்றை வியந்து நோக்கினர். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவனான நியார்க்கசு கி.மு. 325இல் சிந்துநதி முகத்திலிருந்து பாரசீகக் குடாவுக்குச் சென்ற பயணத்தின் பின், கடலினுள்ளே வளரும் மரங்களைப் பற்றிய செய்தி கிரேக்க நாட்டை எட்டியது. தாவரவியலின் தந்தை எனப்படும் தியோபிராசுதசு அம்மரங்களின் வேர்களைத் தம் நூலில் விவரித்தார். பின்னாளில் இலினேயசு, கண்ணாவின் பேரினத்துக்கு அவிசெனியா எனப் பெயரிட்டது, கி.பி. 980இற் பிறந்த பாரசீக மருத்துவப் பேரறிஞர் இபுனு சீனாவின் நினைவாகவே.

நம் மீனவர் கண்டலை ஆராய்ந்தது நூலிலன்று, தொழிலில். நைலோன் வலை வருமுன், பருத்தி முதலிய நாராலான வலைகளைக் கண்டற்பட்டைச் சாயத்தில் தோய்த்தெடுத்தல் வழக்கம். பட்டையிலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருள் நூல் இற்றுப்போகாமற் காத்தது. அத்துவர்ப்பொருளே உலோகங்களையும் பற்றவல்லது என்பதை நாம் ஈண்டு மனத்திற் கொள்ளல் வேண்டும். கடுக்காய்த் துவரோடு இரும்பு சேரக் கருமை பிறத்தலை அறிந்தார்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

உலோகம் எழுதிய வரலாறு

பார உலோகம் என்பது இயற்கைக்கு அயலானதன்று. செம்பும் நாகமும் மிகச் சிறிதளவில் எல்லா உயிர்க்கும் வேண்டியவை. அளவு மிஞ்சின் நஞ்சாகின்றவை. ஈயம், கட்மியம், இரசம் ஆகியவற்றால் மனித உடலுக்கு யாதொரு நன்மையும் இல்லை. எரித்தாலும் புதைத்தாலும் உலோகம் அழியாது. இடம் மாறும், வடிவு மாறும், இல்லாமற் போகாது. இவ்வழியாமையே அதனை வரலாற்றுச் சான்றாகவும் ஆக்குகின்றது.

இதற்கு எடுத்துக்காட்டு வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து. அங்கே ஆழத்திலிருந்து எடுத்த பனிக்கட்டியை ஆராய்ந்து 1994இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, கிரேக்கரும் உரோமரும் ஈயமும் வெள்ளியும் உருக்கிய காலத்துப் புகை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பனியிற் படிந்திருத்தலைக் காட்டிற்று. உரோமப் பேரரசின் எழுச்சியும் வீழ்ச்சியும், உரோமர் கண்ணாலும் காணாத ஒரு தீவின் பனியிற் பதிவாயின. நம் காலத்து நிகழ்ச்சியும் அவ்வாறே. 1921இல் அமெரிக்காவில் தோமசு மிட்சிலி என்பார் பெற்றோலில் ஈயச் சேர்மம் கலக்கும் முறையைக் கண்டார். அதன் தீங்கைக் கிளேயர் பற்றர்சன் என்னும் புவியிரசாயன அறிஞர் 1965இல் வெளிப்படையாக எடுத்துரைத்தார். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. உலகில் இறுதியாக அல்சீரியாவில் 2021இல் நின்றது. எண்பது ஆண்டுகளாக வீதிகளில் இறங்கிய ஈயம் மழைநீரோடு வழிந்து நீர்நிலைகளின் சேற்றிற் கலந்தது.

மட்டக்களப்பின் எழுதப்பட்ட வரலாற்றில், ஒல்லாந்தத் தளபதி யோரிசு வான் சிபில்பேர்கன் 1602இல் இக்கரையில் இறங்கியதும், போர்த்துக்கேயர் 1628இற் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இற் கைப்பற்றியதும் பேசப்படுகின்றன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன்பின் கீழ்மாகாணத்தில் விரிந்த நெல்வேளாண்மையும் அண்மைக்கால வரலாற்றின் பெருந்திருப்பங்கள். செயற்கையுரத்தின் பெருக்கமும் அக்காலத்திலிருந்தே நிகழ்ந்தது. பொசுபேற்றுப் பாறையிலிருந்து செய்யும் உரங்களிற் கட்மியம் சிறிதளவு கலந்திருத்தல் உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. இவையன்றி, நாகம் பூசிய தகரக் கூரைகள், வீச்சுவலையின் ஓரத்தில் தொங்கும் ஈயக்குண்டுகள், படகின் அடிப்புறத்திற் பாசி பிடியாமற் பூசும் செம்புக் கலவை, நீரோரத்தில் எறியப்படும் பழைய மின்கலங்கள் என நாள்தோறும் காணும் பொருள்களே பார உலோகத்தின் ஊற்றுக்கள். நெல்லுண்ணும் மக்களுக்கு இதனால் வருங்கேடு சிறிதன்று. யப்பானின் சின்சூ ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுரங்கக் கழிவிலிருந்த கட்மியம் ஆற்றுநீர் வழியே வயலிற் பாய, எலும்பு நொறுங்கும் நோயொன்று பரவியது. கட்மியமே அதற்குக் காரணம் என அந்நாட்டரசு 1968இல் ஏற்றுக்கொண்டது.

அகழியும் மதிலும் காவலும்

இனி, கண்டல் இந்நஞ்சைத் தாங்கும் முறையைக் காண்போம். அதனை ஒரு கோட்டையின் பாதுகாப்புக்கு ஒப்பிடலாம். கோட்டைக்குப் புறத்தே அகழி. அகழிக்கு உள்ளே மதில். மதிலுக்கு உள்ளே காவல்.

முதலாவது அகழி சேறே. கண்டலின் நெருங்கிய வேர்கள் நீரோட்டத்தைத் தளர்த்துகின்றன. நீர் தளரவே, அது சுமந்து வந்த நுண்களி படிகின்றது. களித்துகள்களிற் பற்றிய உலோகமும் உடன் படிகின்றது. அச்சேற்றின் மேற்படைக்குக் கீழே ஒட்சிசன் இல்லை. ஒட்சிசனின்றி வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றுகின்றன. கண்டற்சேற்றைக் கிளறும்போது எழும் அழுகிய முட்டை நாற்றமும், அதன் கருநிறமும் இதனால் உண்டாவனவே. செம்பு, நாகம், ஈயம், கட்மியம் ஆகியன அச்சல்பைட்டோடு சேர்ந்தால் நீரிற் கரையாத பொருளாகிவிடும். இலையும் வேரும் மக்கியதால் ஆன கரிமப்பொருளும் அவற்றைப் பற்றிக்கொள்கின்றது. கரையாத நஞ்சு வேருக்குள் எளிதிற் புகாது. நாம் முகஞ்சுளித்துக் கடக்கும் நாற்றமே நம்மைக் காக்கும் பூட்டின் அடையாளம்.

இரண்டாவது மதில் வேர். மூச்சுவேர்களின் பட்டைவாய்களால் உட்புகுந்த காற்று, உள்ளேயுள்ள வெற்றிடங்கள் வழியே நிலத்தடி வேர்நுனிவரை செல்கின்றது. அங்கே சிறிது ஒட்சிசன் புறத்தே கசிகின்றது. கசியவே, சேற்றிலுள்ள இரும்பு துருவாகி வேரின் மேற்பரப்பிற் செம்மண்ணிறப் படையாகப் படிகின்றது. இத்துருப்படை மற்றை உலோகங்களைத் தன்மேல் ஈர்த்து நிறுத்துகின்றது. அதனையும் கடந்தவை வேரின் புறக்கலச் சுவர்களிற் சிக்குகின்றன. அதற்கும் உள்ளே அகத்தோல் என்னும் படை உண்டு. அதன் கலங்களைச் சுற்றி நீர்புகாப் பட்டி ஒன்று அமைந்துள்ளது. செருமானிய தாவரவியலறிஞர் காசுபரி என்பாரின் பெயரால் அது வழங்குகின்றது. கண்டல் உப்பைத் தடுப்பதற்கு உதவும் இவ்வமைப்பு உலோகத்தைத் தடுப்பதற்கும் உதவுகின்றது. அவுத்திரேலியாவின் சிட்னிப் பகுதியில் கண்ணாமரத்தைப் பற்றி 2000ஆம் ஆண்டை அடுத்து வெளிவந்த ஆய்வுகள், செம்பும் ஈயமும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுதலைக் காட்டின. மரத்துக்கு வேண்டியதாகிய நாகம் அவற்றினும் எளிதாக இலைக்குச் செல்கின்றது.

மூன்றாவது காவல் கலத்தினுள்ளே உள்ளது. 1985இல் செருமனியில் கிறில், வினாக்கர், சென்க் என்னும் மூவர், தாவரங்கள் உலோகம் புகுந்தவுடன் கந்தகம் செறிந்த சிறு புரதத்துண்டுகளை ஆக்குகின்றன என்பதை வெளியிட்டனர். அத்துண்டுகள் உலோகத்தைக் கௌவிப் பிடிக்கின்றன. அங்ஙனம் பிடிபட்டது கலத்தின் நடுவேயுள்ள புன்வெற்றிடத்திற் சிறைவைக்கப்படுகின்றது. எஞ்சிய உலோகம் கலத்துள் விளைக்கும் ஒட்சியேற்றத் தாக்கத்தைத் தணிப்பதற்கென நொதியங்களும் பெருகுகின்றன. கண்ணாவின் இலைகளில் உப்புச் சுரப்பிகள் உண்டு. நண்பகலில் அவ்விலைகளில் உப்புப் பூத்திருத்தலை வாவிக்கரையார் எல்லோரும் கண்டிருப்பர். உப்போடு சிறிதளவு நாகமும் செம்பும் அச்சுரப்பிகளால் வெளியேறுகின்றன.

இத்துணைக் காவல் இருந்தும் கோட்டை வீழாதது என்று எண்ணலாகாது. உலோகத்தின் அளவு மிகுந்தால் இலைப்பச்சையம் குறையும். நாற்றுக்களின் வேர்வளர்ச்சி குன்றும். முதிர்ந்த மரம் தாங்குவதை இளங்கன்று தாங்காது. உதிர்ந்த இலையிலுள்ள உலோகம் நண்டுக்கும் இறாலுக்கும், அவற்றின் வழியே நமக்கும் வருதல் கூடும். பொதுவிதிக்கு அடங்காத உலோகம் ஒன்றும் உண்டு. ஒட்சிசனற்ற சேறு மற்றை உலோகங்களைப் பூட்டுவது; இரசத்தையோ, அங்குள்ள பற்றீரியாக்கள் மெதயில் இரசம் என்னும் கொடிய நஞ்சாகவும் மாற்றவல்லன. இரசக் கழிவை ஏற்ற விரிகுடாவின் மீனை உண்டதனால் யப்பானின் மினமாற்றாவில் நேர்ந்த பேரிடர் 1956இல் வெளிப்பட்டது. ஆகவே, கண்டல் இருக்கின்றது என்பதற்காகக் கழிவை வாவியில் விடலாம் என்பார் கூற்று முற்றும் தவறு. கண்டல் நஞ்சை அழிப்பதில்லை, நமக்காக வைத்துக்காக்கின்றது.

பூட்டுத் திறந்தால்

வைத்துக்காப்பவன் மறைந்தால் வைத்த பொருள் என்னாகும்? இதுவே நம்முன் உள்ள வினா. கண்டலை வெட்டிச் சேற்றை வெளியே எடுத்துக் காயவிட்டால் ஒட்சிசன் அதனுட் புகுகின்றது. சல்பைட்டு மீண்டும் சல்பேற்றாகின்றது. கந்தக அமிலம் பிறக்கின்றது. பலகாலம் கரையாமற் கிடந்த உலோகம் அவ்வமிலத்திற் கரைந்து நீரிற் கலக்கின்றது. வேற்று நாட்டு உழவர் இதனைப் பட்டறிந்தனர். ஒல்லாந்தில் கடற்சேற்றை வடித்து வயலாக்கியபோது சில நிலங்கள் புளித்து மஞ்சள் பூத்துப் பயிரைக் கொன்றன. அவற்றுக்குப் பூனைக்களி என அந்நாட்டு உழவர் பெயரிட்டனர். கேரளத்துக் குட்டநாட்டின் கரிநிலங்களும் இத்தகைய புளிப்புமண்ணே.

நம் வாவிக்கரையில் இவ்வாறு காடு குறைந்த வரலாறு அண்மையது. விறகுக்கும் வேலிக்கம்புக்கும் வெட்டியது ஒருபுறம். இறால்வளர்ப்புப் பண்ணைகள் மற்றொருபுறம். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், மறைவிடமாகும் என்ற அச்சத்தாற் பாதையோரக் கண்டல் வெட்டப்பட்டது வேறொருபுறம். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 திசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளும் இயற்கை விளைத்த அழிவுகள். இன்று நிலம் நிரப்பிக் கட்டடம் எழுப்புதல் புதிய காரணமாகின்றது.

வெட்டியதை மீள நட்டுவிடலாம் அன்றோ என்பார் உளர். கடற்கோளின்பின் இலங்கையிற் கண்டல் நடும் முயற்சிகள் பல நடைபெற்றன. அவற்றை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு கூறுவது இது: நடப்பட்ட பரப்பு 1000 முதல் 1200 எக்டேயர், அதில் வெற்றியுற்றது ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே. பார்வையிட்ட 23 இடங்களுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. நீர்மட்டமும் உப்பின் அளவும் நோக்காது இடம் தெரிதல், ஏற்ற இனத்தை அறியாமை, நட்டபின் பேணாமை என்பன காரணங்களாம். 2015இல் இலங்கை தன் கண்டற்காடு முழுவதையும் காக்கும் திட்டமொன்றைத் தொடங்கியமையும், 2024இல் இந்நாட்டின் கண்டல் மீட்புப் பணி ஐக்கிய நாடுகளின் சிறப்புப் பாராட்டைப் பெற்றமையும் மகிழ்தற்குரியன. ஆயினும், நிற்கும் ஒரு மரத்தைக் காத்தல் நூறு கன்று நடுதலினும் மேலானது என்பதே அவ்வைந்திலொரு பங்கு புகட்டும் பாடம்.

சேற்றேட்டைப் படித்தல்

இழப்பு மீன்வளத்தோடு நில்லாது, வரலாற்றையும் சாரும். கலங்காத சேற்றிற் குழாயை இறக்கி எடுத்தால் அதன் படைகளை ஏடுபோற் புரட்டலாம். ஈயம்-210 என்னும் கதிர்வீசும் ஈயம் ஏறக்குறைய 22 ஆண்டுக்கொருமுறை பாதியாகக் குறைவது. அதனைக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்குச் சிறிது மேற்பட்ட காலத்தைக் கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகள் வளியிற் பரப்பிய சீசியம்-137 இன் உச்சம் 1963ஆம் ஆண்டைக் காட்டும். அம்பாந்தோட்டைப் பகுதியிலுள்ள கரகன் களப்பின் அடிச்சேற்றில், 2004க்கு முன் பல்லாயிரம் ஆண்டுகளில் வந்த பழங்கடற்கோள்களின் மணற்படைகள் கண்டறியப்பட்டு 2014இல் வெளியிடப்பட்டன. எவ்வேடும் எழுதாத செய்தியைச் சேறு எழுதிவைத்திருந்தது. கண்டற்காட்டினுள் நண்டு வளைதோண்டிப் படைகளைக் கலக்குமாதலின், அதனை அடுத்த அமைதியான நீர்ப்பரப்பே ஏட்டைப் படிப்பதற்குச் சிறந்தது. ஆனால் அவ்வேட்டை அரிப்பினின்றும் காப்பது கரையிலுள்ள காடே.

மட்டக்களப்பு நாட்டின் தென்புறத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்நூல் கண்ட தமிழறிஞரும் அவரே. 1930களிற் கலைச்சொல்லாக்கத்திலும் அவர் உழைத்தார். ஓர் அறிவுத்துறைக்கும் மற்றதற்கும் இடையே அவர் வேலி இடவில்லை. அவ்வழியிற் செல்லும் கல்லூரி ஒன்றில், வரலாறு கற்பவனும் தாவரவியல் கற்பவனும் இரசாயனம் கற்பவனும் ஒருங்கே செட்டிபாளையத்து வாவிக்கரைக்குச் செல்லுதல் கூடும். முதியோரிடம் கேட்டு, ஐம்பதாண்டுக்கு முன் கண்டல் எதுவரை நின்றது என வரைபடத்தில் ஒருவன் குறிக்கலாம். இன்று நிற்கும் இனங்களை மற்றொருவன் எண்ணலாம். வாவியிற் கலக்கும் வாய்க்கால்கள் எவ்வெவ்விடத்திலிருந்து வருகின்றன என மூன்றாமவன் பின்தொடர்ந்து காணலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, உழைப்பு வேண்டும். இங்ஙனம் திரட்டிய குறிப்பு, காட்டை வெட்ட வருவார்முன் ஊரார் எடுத்துக்காட்டத்தக்க சான்றாகவும் அமையும்.

முன்னோர் வைத்த நெல்லையும் பொன்னையும் மட்டும் நாம் உரிமையாகப் பெறவில்லை. அவர்தம் காலத்திலும் நம் காலத்திலும் கழித்த கழிவையும் பெற்றுள்ளோம். அதனை வாங்கிச் சேற்றிற் பூட்டி, திறவுகோலைத் தன் வேரில் வைத்திருக்கின்றது கண்டல். அத்திறவுகோலைக் கோடரி கொண்டு பறியாதிருத்தல் நம் மக்களுக்கு நாம் செய்யும் கடனாகும்.